நாளைக்கு 20 சதம்: கனடாவின் நிவாரண வேலை முகாம்கள்

வேலையில்லாத காலத்தில் அரசாங்கம் சோறும் போட்டு, தங்க இடமும் கொடுத்தால் போதும்தானே? அப்படித்தான் நம்மில் பலர் நினைப்போம். கனடாவில் நடந்ததைக் கொஞ்சம் பார்ப்போம்.

1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் உலகையே ஆட்டியது. தேயிலை விலை விழுந்தது. நம் தோட்டங்களிலும் சம்பளத்தைக் குறைத்தார்கள். கனடாவிலோ லட்சக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. 1932இல் அந்த அரசாங்கம், வேலையும் வீடும் இல்லாத, கல்யாணமாகாத ஆண்களுக்காக நிவாரண முகாம்களைத் திறந்தது. பாதுகாப்பு அமைச்சு அவற்றை நடத்தியது.

முகாம்கள் பெரும்பாலும் ஊரை விட்டுத் தூரத்தில், காட்டுப் பக்கமாக இருந்தன. படுக்கப் பலகைக் கொட்டகை. காடு வெட்டுவது, ரோட்டுப் போடுவது, விமானத் திடல் அமைப்பது என்று நாளுக்கு 8 மணிநேர வேலை. சாப்பாடு, உடுப்பு, வைத்தியம் எல்லாம் இலவசம். ஆனால் கைக்குக் கிடைத்ததோ நாளைக்கு 20 சதம்தான்! அதில் வீட்டுக்கு எதை அனுப்புவது? நாளைக்கு ஒரு குடும்பம் அமைக்க எதைச் சேர்ப்பது? குறை இருந்தால் ஒருவர் தனியாகப் போய்ச் சொல்லலாம். நாலு பேர் சேர்ந்து கமிட்டி அமைத்துச் சொல்லக் கூடாது.

1935 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண முகாம்களில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வன்கூவர் நகரில் கூடினார்கள். அவர்கள் இலவசம் கேட்கவில்லை. நியாயமான கூலி, காயம் பட்டால் நட்டஈடு, தங்கள் கமிட்டிக்கு அங்கீகாரம், வாக்களிக்கும் உரிமை, இவற்றைத்தான் கேட்டார்கள். அந்நகரத்துத் தாய்மார்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள்.

ஜூனில் சரக்கு ரயில்களின் மேல் ஏறித் தலைநகர் ஒட்டாவாவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் ரெஜைனா நகரில் அரசாங்கம் மறித்தது. ஜூலை 1ஆம் திகதி நடந்த மோதலில் ஒரு பொலிஸ்காரர் இறந்தார். காயம்பட்ட தொழிலாளி ஒருவரும் பின்னர் இறந்தார். பயணம் அங்கேயே நின்றது. ஆனால் அந்த ஒக்டோபரில் நடந்த தேர்தலில் பிரதமர் பெனட் தோற்றார். 1936இல் முகாம்கள் மூடப்பட்டன.

நிவாரணம் வயிற்றுப் பசியைத்தான் ஆற்றும். உழைப்பவருக்கு உரிய கூலியும், வாய் திறந்து பேசும் உரிமையும் சேர்ந்தால்தான் அது வாழ்க்கை. ஆகவே நம் தோட்டத்துக்கு எந்த வேலைத் திட்டம் வந்தாலும் கேட்டு வைப்போம்: எத்தனை நாள் வேலை? நாளுக்கு எவ்வளவு? காயம் பட்டால் யார் பொறுப்பு? குறையை யாரிடம் சொல்வது? கேட்பதில் வெட்கம் இல்லை.