பழைய ரெப்போ மூடப்படுகிறது: ‘வரலாறு பத்திரம்’ என்ற உறுதியை எவ்வளவு நம்பலாம்?

ஹெப்பாள், ஹூட்டகள்ளி தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்களும் மைசூரின் பொறியியல் கல்லூரி மாணவர்களும் அனுப்பும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. ‘டிசம்பர் 31-க்குப் பிறகு பழைய சப்வெர்ஷன் ரெப்போ கிடையாது. வரலாறு முழுவதும் கிட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டது’ என்ற மாதிரி ஓர் அறிவிப்பு கைக்கு வந்திருக்கிறது. பழைய கமிட்டுகள் காணாமல் போகுமா, தங்கள் பெயர் நிற்குமா என்று கேட்கிறார்கள். கமிட், பிராஞ்ச், மெர்ஜ் எல்லாம் இவர்களுக்குக் கைப்பழக்கம் என்பதால் அவற்றை இங்கே விளக்கவில்லை. விளக்க வேண்டியது ‘மாற்றப்பட்டுவிட்டது’ என்ற அந்தச் சொல்லைத்தான். அறிவிப்புகளில் மைக்ரேஷன் என்றால், இருந்தது இருந்தபடியே வேறிடம் போனது என்று அர்த்தம். நடைமுறையில் நடப்பது வேறு. ஒரு நிரல் பழைய பதிவுகளைப் படிக்கிறது. புரியாத இடங்களில் ஊகித்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் புதிய பதிவுகளாக எழுதிவைக்கிறது. பழையது மூடப்பட்ட பிறகு, அந்த ஊகம் சரியா என்று சரிபார்க்க யாருக்கும் வழி இருக்காது.

மாற்றும் நாளில் உண்மையில் நடப்பது என்ன?

சப்வெர்ஷனில் கமிட்டின் அடையாளம் சர்வர் கொடுக்கும் ஒரு வரிசை எண். கமிட் போட்டவர் பெயரும் செய்தியும் அந்த எண்ணோடு ஒட்டிய குறிப்புகள்தான். நிர்வாகி அனுமதித்தால் பத்து வருடம் கழித்தும் அவற்றைத் திருத்தலாம். திருத்திய தடயம் ரெப்போவில் தங்காது. கிட் இதற்கு நேர் எதிர். கோப்புகளின் நிலை, முந்தைய கமிட்டின் ஹாஷ், எழுதியவர் பெயர், மின்னஞ்சல், நேரம், செய்தி அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 40 எழுத்து ஹாஷ் ஒன்றை உண்டாக்குகிறது. கமிட்டின் பெயரே அதுதான். முந்தையதன் ஹாஷ் அடுத்ததற்குள் இருப்பதால், நடுவில் எங்கோ ஒரு செய்தியில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின் வந்த அத்தனை கமிட்டுகளின் பெயரும் மாறிவிடும். கமுக்கமாகத் திருத்த முடியாது. 2011 ஆகஸ்டில் கெர்னல்.ஆர்க் சர்வர்களுக்குள் யாரோ ஊடுருவியது தெரியவந்தபோது, லினக்ஸ் மூலநிரலைப் பற்றி அதன் நிர்வாகிகள் பதறாமல் இருக்க முடிந்ததற்கு இதுவே காரணம். அதே சங்கிலியின் நகல் ஆயிரக்கணக்கான டெவலப்பர்களின் கணினிகளில் இருந்தது. எங்காவது கை வைத்திருந்தால் பெயர்கள் பொருந்தாமல் காட்டிக்கொடுத்திருக்கும்.

இந்தக் கெட்டித்தனம்தான் மாற்றும் நாளில் உறுத்தலாகிறது. மாற்றும் நிரல் செய்த ஊகமும் அதே சங்கிலிக்குள் அதே உறுதியோடு பூட்டப்படுகிறது. சப்வெர்ஷன் பதிவில் ‘ரமேஷ்’ என்று ஒரு பயனர்பெயர் மட்டும் இருக்கும். கிட்டுக்கு முழுப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். ஆகவே யாரோ ஒருவர் உட்கார்ந்து அட்டவணை தயாரிக்கிறார். இனிஷியல் முன்னாலா பின்னாலா, ஊர்ப்பெயரைச் சேர்ப்பதா, வேலையை விட்டுப் போனவருக்கு எந்த மின்னஞ்சல் என்பதையெல்லாம் அந்த ஒருவரே முடிவுசெய்கிறார். அட்டவணையே கொடுக்காமல் ஓட்டினால், கிட்-எஸ்விஎன் கருவி பயனர்பெயருக்குப் பின்னால் ரெப்போவின் அடையாள எண்ணை ஒட்டி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மின்னஞ்சலை உருவாக்கிவிடும். நேரத்தின் கதையும் இதுதான். சப்வெர்ஷன் நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைப்பதால், மைசூரில் நள்ளிரவு 12 மணிக்குப் போட்ட கமிட் புதிய ரெப்போவில் முந்தைய நாள் மாலை 6.30 என்று நிற்கும். எந்த ஊர் நேரம் என்ற தகவல் பழையதிலும் இல்லை, புதியதிலும் வராது. திருமணத்துக்குப் பின்போ பாலின மாற்றத்துக்குப் பின்போ பெயரை மாற்றிக்கொண்டவர் திருத்தம் கேட்டால், சப்வெர்ஷனில் அது ஒரு நிமிட வேலை. கிட்டில் திட்டத்தின் முழு வரலாற்றுக்கும் மறுபெயர் சூட்டும் வேலை. மெயில்மேப் என்ற கோப்பு இருக்கிறது என்பார்கள். அது திரையில் காட்டும் பெயரைத்தான் மாற்றும். உள்ளே பூட்டப்பட்டதைத் தொடாது.

ஆகவே ஹாஷ் சங்கிலி எதற்குச் சாட்சி என்பதில் தெளிவு வேண்டும். முதல் கண்ணியிலிருந்து இன்றுவரை யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. முதல் கண்ணிக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. நிலம் வாங்குகிறவர் முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தாலும் தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்பார். ‘வரலாறு பத்திரம்’ என்று அறிவிக்கும் திட்டத்திடமும் அதைத்தான் கேட்க வேண்டும்.

பக்கத்து ஊர் உதாரணம்

பல கணினிகளின் வட்டுகளை இணைத்து ஒரே சேமிப்பிடமாக்கும் குளஸ்டர்எஃப்எஸ் இதற்கு நல்ல பாடம். ஆனந்த் பாபு பெரியசாமியும் ஹிதேஷ் செல்லானியும் தொடங்கிய நிறுவனத்தில், பெரும்பாலும் பெங்களூரு பொறியாளர்களின் கையில் வளர்ந்த திறமூல மென்பொருள் அது. முதல் சில ஆண்டுகள் அதன் நிரல் குனு ஆர்ச் என்ற கருவியில், குனுவின் சவன்னா தளத்தில் இருந்தது. ஒரு திருத்தத்தைக் குறிப்பிட ‘மெயின்லைன் 2.5, பேட்ச் இத்தனை’ என்பார்கள். 2005-இல் கிட் வந்த சில ஆண்டுகளில் ஆர்ச் கேட்பாரற்றுப் போனது, குளஸ்டரும் மாறியது. இன்றைய கிட் ரெப்போவின் முதல் கமிட் 2009 பிப்ரவரி 18 அன்று விழுந்திருக்கிறது. நேரக் குறிப்பு +0530, அதாவது நம் நேரம். எல்லாக் கோப்புகளையும் சேர்த்தாயிற்று என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்கள், அவ்வளவுதான் செய்தி. அதற்கு முந்தைய வருடங்களின் வேலை ஒரே கமிட்டாக உருண்டு நிற்கிறது. அக்காலத்து வரி ஒன்றின் மேல் பிளேம் ஓட்டினால், அதை எழுதியவர் பெயர் வராது. அன்று கோப்புகளை ஏற்றியவர் பெயர்தான் வரும். பழைய பிழை அறிக்கையில் ஒரு பேட்ச் எண் இருந்தால், கிட்டுக்கு அந்த எண் தெரியாது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2011 அக்டோபரில் ரெட் ஹேட் இந்த நிறுவனத்தை 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு மென்பொருளின் உரிமம் ஜி.பி.எல். 2 அல்லது எல்.ஜி.பி.எல். 3 என்று மாறியது. உரிமம் மாற்றும்போதெல்லாம் எந்த வரி யாருடையது என்ற கேள்வி எழும். அப்போது சாட்சி சொல்ல வேண்டியது ரெப்போதான். 2020-இல் இன்னொரு ஓய்வு. அதுவரை கெரிட் சர்வரில் நடந்த நிரல் மதிப்பாய்வு கிட்ஹப்புக்குப் போனது. கமிட் செய்திகளின் அடியில் கெரிட் முகவரி ஒரு வரியாக இருக்கிறது. ஒரு திருத்தம் ஏன் மறுக்கப்பட்டது, ஏன் பிறகு ஏற்கப்பட்டது என்ற விவாதம் அந்த முகவரியின் மறுமுனையில் இருந்தது. சாதாரணமாக குளோன் செய்தால் அந்த விவாதம் கூடவே வராது. 2024 டிசம்பர் 31 அன்று ரெட் ஹேட் தன் குளஸ்டர் தயாரிப்புக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. எழுதியவர்கள் பக்கத்து மேசையில் இருந்தவரை, வரலாறு இல்லாத குறையைக் காபி நேரப் பேச்சு ஈடுகட்டியிருக்கும். அவர்கள் கலைந்த பிறகு, பொறுப்பேற்க வருகிறவருக்குக் கிடைப்பது ரெப்போவில் இருப்பது மட்டுமே. ஒரு கருவியை ஓய்வுபெறச் செய்யும்போது மிச்சம் பிடித்த வேலையின் விலையை, பத்துப் பதினைந்து வருடம் கழித்து வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

லினக்ஸே அப்படித்தானே தொடங்கியது?

இந்த ஆட்சேபம் வலுவானது. 2005 ஏப்ரலில், அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் கருவியைக் கைவிட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் 2.6.12-ஆர்சி2-ஐ ஒரே கமிட்டாகக் கிட்டில் போட்டார். ஆனால் அந்தக் கமிட் செய்தியைப் படித்தால் வித்தியாசம் தெரியும். முழு வரலாறும் கையில் இருக்கிறது, இறக்குமதி செய்தால் சுமார் 3.2 ஜிபி ஆகிறது, இப்போதைக்கு வேண்டாம், வேண்டுமானால் தனி ஆவணக் களஞ்சியமாகப் பிறகு செய்யலாம் என்று காரணத்தோடு எழுதியிருக்கிறார். பழைய வரலாறு பிறகு தனி கிட் ரெப்போவாக வரவும் செய்தது. அதை இன்றைய மரத்தோடு ஒட்டிப் பார்க்கக் கிட்டிலேயே வழி இருக்கிறது. கிட் ரீப்ளேஸ் என்ற கட்டளை, ‘இந்தக் கமிட்டைப் பார்க்கும்போது அதற்குப் பதில் அதைக் காட்டு’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவைக்கிறது. மூலச் சங்கிலியில் ஒரு ஹாஷும் மாறாது. குறிப்பு உள்ளவர் 2005-ஐத் தாண்டிப் பின்னால் போகலாம். இல்லாதவருக்கு வழக்கம்போல் அங்கே முடியும். பூட்டிய சங்கிலியைத் திறக்காமல் முன்பக்கம் நீட்டும் இந்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. ஆகவே ‘இப்போது நேரமில்லை’ என்று ஒரு திட்டம் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். ‘பழைய சர்வரை அழித்துவிட்டோம்’ என்று சொன்னால் ஏற்க முடியாது. முன்னதைப் பிறகு சரிசெய்ய முடியும்.

பழையதை யார் படிக்கப்போகிறார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். தினமும் யாரும் படிப்பதில்லை, உண்மை. ஆனால் 2003-இல் எஸ்.சி.ஓ. நிறுவனம் லினக்ஸில் தன் நிரல் கலந்திருப்பதாக ஐபிஎம் மேல் வழக்குப் போட்டபோது, எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்பதே வழக்கின் மையமாயிற்று. ஒவ்வொரு பேட்சின் அடியிலும் அனுப்புகிறவர் கையொப்ப வரி போடும் வழக்கம் 2004-இல் லினக்ஸுக்கு வந்தது அந்தச் சூட்டில்தான்.

ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். ஜிசிசி கம்பைலர் 2020 ஜனவரியில் சப்வெர்ஷனை விட்டது. 2.8 லட்சத்துக்கும் மேல் ஏறியிருந்த எண்களை அப்படியே கைவிடவில்லை. கமிட் செய்திகளின் அடியில் பழைய எண்ணைப் பதித்தார்கள். பழைய எண்ணை முகவரியில் கொடுத்தால் புதிய கமிட்டுக்குக் கொண்டுபோய்விடும்படியும் செய்தார்கள். ஃப்ரீபிஎஸ்டி 2008-இல் சிவிஎஸ்ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கும் 2020 டிசம்பரில் அங்கிருந்து கிட்டுக்கும் வந்தது. அங்கே பழைய எண்கள் கிட் நோட்ஸ் என்ற ஒட்டுக்குறிப்புகளில் இருக்கின்றன. ஆனால் அதிகாரப்பூர்வ மாற்றத்துக்கு முன்பிருந்த கிட் நகலின் ஹாஷ்களும் புதியவையும் வெவ்வேறு. அந்த நகலை நம்பி வேலை செய்தவர்கள் தங்கள் கிளைகளைப் புதிதாகப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே பழைய வரலாற்றிலிருந்து இரண்டு வெவ்வேறு ‘முழு வரலாறு’ வர முடியும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

சப்வெர்ஷன் செத்துவிட்டதா? இல்லை, அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமாக உயிரோடுதான் இருக்கிறது.

கிட்ஹப் ரெப்போவை சப்வெர்ஷன் கட்டளையால் எடுக்கலாமா? 2024 ஜனவரி 8 முதல் முடியாது.

பிட்பக்கெட்டில் இருந்த மெர்க்கூரியல் ரெப்போ? 2020-இல் அந்தச் சேவையை நிறுத்தி நீக்கிவிட்டார்கள்; பொதுவில் இருந்ததாக இருந்தால் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்தில் தேடிப் பாருங்கள்.

2017-இல் உடைந்த ஷா-1 ஹாஷை நம்பலாமா? மோதலைக் கண்டுபிடிக்கும் கூடுதல் சோதனையோடு கிட் அதைப் பயன்படுத்துகிறது, கிட் 3.0 முதல் புதிய ரெப்போக்களுக்கு ஷா-256-ஐ இயல்பாக்குவது திட்டம்.

காலிக் கோப்புறைகள் எங்கே போயின? கிட் அவற்றைப் பதிவதில்லை.

தேதிக்கு முன் நாம் செய்யக்கூடியது? சப்வெர்ஷனின் டம்ப் கோப்பு ஒன்றை எடுத்து வேறிடத்தில் வையுங்கள், உங்கள் பெயர் அட்டவணையில் எப்படி இருக்கிறது என்று இப்போதே பாருங்கள்.

அறிவிப்பு விட்டவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால்? பழைய எண்ணுக்கும் புதிய ஹாஷுக்குமான பொருத்தப் பட்டியல் எங்கே என்று கேளுங்கள். அது இருந்தால் மற்றதையும் யோசித்துச் செய்திருப்பார்கள்.