அலுவலகத்திற்கு அரக்குச் சேலை ஆகாதா?

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த ஆடைப் பாதியைத் தெரிந்தெடுப்பது யார், எதை அளவுகோலாகக் கொண்டு தெரிந்தெடுப்பது என்பதைப் பழமொழி கூறவில்லை. அந்த வினா எழும் இடம் துணிக்கடை.

சில மாதங்களுக்கு முன் துணிக்கடையொன்றில் நாம் கண்ட காட்சியைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குவோம். நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, வங்கியில் எழுத்தராகப் பணி நியமனம் பெற்றுத் தன் தாயுடனும் அத்தையுடனும் அங்கே வந்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். அதற்குள் நான்கைந்து சேலைகள் எடுத்தாகவேண்டும். அவள் கண் முதலில் சென்றது, மஞ்சள் கரையிட்ட அரக்கு நிற நூல்சேலை ஒன்றின்மேல். அதை அவள் கையில் எடுத்த நொடியிலேயே தாயின் கை குறுக்கே வந்தது.

“இது உன் நிறத்துக்கு எடுக்காதும்மா. வெளிர் நிறமாப் பாரு.”

அத்தையும் உடன் சேர்ந்துகொண்டார். “முதல் நாளே இப்படிப் பளிச்சுன்னு போய் நின்னா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? ஆபீசுக்கு அடக்கமாப் போக வேண்டாமா?”

அந்தப் பெண் மறுமொழி கூறவில்லை. அரக்குச் சேலையை மடித்து ஓரமாக வைத்தாள். வெளிர் இளஞ்சிவப்பிலும் சந்தன நிறத்திலும் சேலைகள் அவள்முன் விரிக்கப்பட்டன.

இரண்டே சொற்றொடர்கள், அவற்றினுள் இரண்டு அச்சங்கள். கருநிறத்தவருக்கு அடர்ந்த வண்ணம் பொருந்தாது என்பது முதல் அச்சம். வேலைக்குச் செல்லும் பெண் அடர்ந்த வண்ணம் உடுத்தினால் மதிப்புக் குறையும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நம் இல்லங்கள் பலவற்றில் உலவுவதால், அவை மெய்தானா என்று சற்றே ஆராய்ந்து பார்ப்பது நலம்.

நிறம் நமக்குப் புதிதன்று

அடர்ந்த வண்ணங்களை அயல்நாட்டு நாகரிகத்தின் விளைவென எண்ணுவோர் உண்டு. உண்மை அதற்கு மாறானது. செயற்கைச் சாயங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, சோழமண்டலக் கரையில் விளைந்த சாயவேரைக் கொண்டு நம் சாயக்காரர்கள் நூலுக்கு ஆழ்ந்த சிவப்பை ஏற்றினர். அவுரியிலிருந்து நீலம் எடுத்தனர். படிகாரமும் கடுக்காயும் அந்நிறங்களை நூலோடு பிணித்து வைத்தன. இவ்வாறு உருவான வண்ணத் துணிகளை வாங்குவதற்காகவே 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இக்கரையில் பண்டகசாலைகள் அமைத்தனர்.

நம் நெசவாளர்கள் படைத்தவற்றைப் பாருங்கள். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிர் நிறம். இரண்டும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, சேருமிடத்தில் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. அதற்குத் தறியில் இன்னொருவர் துணையும் வேண்டும். நிற வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவதற்கென்றே இத்தனை உழைப்பு! காரைக்குடிக் கண்டாங்கி, அரக்கும் மஞ்சளும் கறுப்பும் கட்டங்களாகவும் கோடுகளாகவும் கலந்த தடித்த நூல்சேலை; அதற்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பங்கள் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடி, 2005-ஆம் ஆண்டிலேயே அத்தகுதியைப் பெற்றது. அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று நாம் வழங்கும் நிறப்பெயர்களே நம் முன்னோரின் கண் எதை விரும்பியது என்பதற்குச் சான்று பகரும்.

இந்நிறங்களை உருவாக்கியவர்கள் இம்மண்ணின் மக்கள். உடுத்தியவர்களும் இந்த வெயிலில் வாழ்ந்த நம் பாட்டிமார்களே. அவர்களுக்குப் பொருந்திய வண்ணம் அவர்கள் பேத்திக்கு எவ்வாறு பொருந்தாமற் போயிற்று?

பொருந்தாமற் போனது வண்ணமன்று. வெண்மையை அழகென்று போற்றும் வழக்கம் நம் மனத்தில் ஊன்றிவிட்டது. மணமகள் தேவை விளம்பரங்களில் நிறம் ஒரு தகுதியாக இடம்பெற்றது. 1975-ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த சிவப்பழகுக் களிம்பு ஒன்று, நாற்பத்தைந்து ஆண்டுகள் வீடுவீடாகச் சென்றபின், 2020-இல்தான் தன் பெயரிலிருந்து அந்த ‘வெண்ணிற’ச் சொல்லை நீக்கிக்கொண்டது. பெயரில் நீங்கியது நம் பேச்சில் இன்னும் நீங்கவில்லை. ‘உன் நிறத்துக்கு இது எடுக்காது’ என்று தாய் கூறும்போது, மகள் காதில் விழுவது சேலையைப் பற்றிய கருத்தன்று. தன்னைப் பற்றிய தீர்ப்பு.

அண்டை நிறத்தின் வேலை

இனி, தாய் கூறிய அறிவுரை அவர் எண்ணிய பயனையாவது தருமா என்று காண்போம்.

பாரிஸ் நகரத்தில் கோபலென் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலை உண்டு. 1824-ஆம் ஆண்டு அதன் சாயப் பிரிவுக்குத் தலைவராக அமர்ந்தவர் மிஷேல் ஷெவ்ரேல் என்னும் வேதியியல் அறிஞர். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்ற முறையீடு அவரிடம் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தபோது சாயத்தில் குறை ஏதும் காணப்படவில்லை. கறுப்பின் அருகே நெய்யப்பட்டிருந்த நீலமும் ஊதாவுமே அதை மங்கியதாகக் காட்டின! ஒரு நிறம் தன் அண்டையிலுள்ள நிறத்தால் வேறுபட்டுத் தோன்றும் என்னும் இவ்வுண்மையை விரிவாக ஆராய்ந்து, 1839-இல் அவர் நூலாக வெளியிட்டார். வெளிறிய ஒன்றின் அருகே இருண்டது மேலும் இருண்டு தோன்றும் என்பதும் அதில் அடங்கும்.

ஆகவே, கருநிற மேனியில் வெளிர் இளஞ்சிவப்பை உடுத்தினால் மேனி இன்னும் கறுத்துத் தோன்றுமேயன்றி வெளுத்துத் தோன்றாது. அரக்கும் மயில்கழுத்தும் கரும்பச்சையும் மேனியோடு இணங்கி நிற்கும். தாய் எதை மறைக்க விரும்பினாரோ, அதையே அவர் தெரிந்தெடுத்த சேலை எடுத்துக்காட்டுகிறது. மறைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பது வேறு செய்தி. அதுவே முதன்மையான செய்தியும் ஆகும்.

அடக்கமும் அலுவலகமும்

அத்தையின் அச்சத்திற்கு வருவோம். அலுவலக ஆடைக்கு ஓர் இலக்கணம் கூறச் சொன்னால், நாம் இவ்வாறு கூறுவோம்: நம்மைக் காண வந்தவர் இரண்டு நிமிடங்களில் ஆடையை மறந்து, வந்த காரியத்தில் கருத்தூன்றவேண்டும். கசங்கிய சேலை அதைக் கெடுக்கும். நழுவும் முந்தானை கெடுக்கும். கண்ணாடிபோல் மெலிந்த துணியும், ஓயாது ஒலிக்கும் வளையல்களும் கெடுக்கும். ஒரே சீரான அடர்ந்த வண்ணம் அதைக் கெடுப்பதில்லை.

எடுத்துக்காட்டு வேண்டுமா? காஞ்சிபுரத்து நீலங்களுள் ஒன்று ‘எம்.எஸ். நீலம்’ என்று வழங்குகிறது. இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வந்தது அது. 1966-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபையிலே பாடிய அவரைவிட அடக்கத்திற்கு உவமை காட்டுவது அரிது. அந்த ஆழ்ந்த நீலம் அவர் அடக்கத்தைக் குறைத்ததாக எவரும் கூறியதில்லை. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் விண்கலம் செவ்வாய்க் கோளின் சுற்றுப்பாதையை அடைந்தபோது, பெங்களூரில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துப் பெண்கள் மகிழ்ந்து நின்ற புகைப்படம் உலகெங்கும் பரவியது. தலையில் மலர்ச்சரம், உடலில் பளிச்சிடும் பட்டுச்சேலைகள்! அலுவலகத்திற்குரிய ஆடை இன்னதென்று உலகம் எண்ணியிருந்ததை அந்தப் படம் மாற்றியது எனலாம். நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரத்தில் புகழப்படும் பெண்மணியும் வாணிபம் செய்து, நிலம் வாங்கி, உழைப்பவரே. அவர் உடுத்துவது செந்நீல ஆடை என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்.

எனினும் வண்ணம் விலகி நிற்கவேண்டிய இடங்களும் உண்டு. வழக்கறிஞர்க்குக் கறுப்பும் வெள்ளையும் விதிக்கப்பட்டவை. மருத்துவமனையிலும் ஆய்வுக்கூடத்திலும் சீருடையே முறை. இறப்பு நிகழ்ந்த இல்லத்திற்கு அலுவலகத்திலிருந்து நேரே செல்ல நேரும் நாளில், அடர்ந்த சிவப்பைத் தவிர்ப்பது பிறர் துயரத்திற்கு நாம் காட்டும் மரியாதை.

கைக்கொள்ளத்தக்க சில முறைகள்

ஓர் உடையில் ஒரு நிறம் தலைமை தாங்கட்டும். சேலை அரக்காயின், ரவிக்கை கரையின் நிறத்தைப் பின்பற்றட்டும். சேலை, ரவிக்கை, கைப்பை, காலணி ஆகிய நான்கும் ஒன்றையொன்று முந்த முயன்றால், பார்ப்பவர் கண்ணுக்கு இளைப்பாற இடமில்லை.

வண்ணம் அடர்ந்திருக்கும்போது மினுமினுப்புக் குறைந்திருப்பது நன்று. நூல்சேலையில் அமைதியாகத் தோன்றும் அதே சிவப்பு, பளபளக்கும் செயற்கை இழைத் துணியில் ஆரவாரமாகத் தோன்றும். பெரிய சரிகைகளைத் திருவிழாவிற்கு ஒதுக்கி வைக்கலாம்.

ரவிக்கையின் தையலில் சிக்கனம் வேண்டாம். தோள்பட்டையில் பொருந்தாத ரவிக்கை, விலையுயர்ந்த சேலையையும் வீணாக்கும். முந்தானையை மடித்துத் தோளில் ஊசி குத்திக்கொண்டால் நாள் முழுதும் கவலையில்லை. இருசக்கர வண்டியில் செல்வோர்க்குச் சல்வார் கமீசு வசதியானது. துப்பட்டாவை இருபுறமும் ஊசியிட்டு முடிந்துகொள்வது உயிருக்கே பாதுகாப்பு.

புதிய அடர்நிறத் துணியை நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் சாயம் இளகும் என்று பொருள். முதல் சில முறை குளிர்ந்த நீரில் தனியே அலசவேண்டும். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்தினால் நிறம் நெடுநாள் நிற்கும். கஞ்சியை வடிகட்டி நீர்க்கச் செய்து இடுங்கள். கெட்டிக் கஞ்சி கருநீலத்திலும் அரக்கிலும் வெண்திட்டுகளாகப் படியும்.

காணொளி வழியாக நேர்காணலில் அமர்வோர், நெருங்கிய சிறு கட்டங்களையும் மெல்லிய கோடுகளையும் தவிர்க்கவேண்டும். திரையில் அவை நடுங்குவதுபோல் தோன்றும். ஒரே சீரான நீலமோ கரும்பச்சையோ தெளிவாக விளங்கும்.

முதல் ஊதியம் வாங்குமுன் கடன்பட்டுப் பட்டு வாங்குவது வேண்டாத செயல். ஐந்து நூல்சேலைகள் போதும்: மூன்று அடர்நிறம், இரண்டு வெளிர்நிறம். அரக்கு, கறுப்பு, மஞ்சள் நிறங்களில் மூன்று ரவிக்கைகள் இருந்தால், மாற்றி மாற்றி உடுத்த வாரம் முழுதும் புதிதாகவே தோன்றும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற முதுமொழிக்கு இன்றும் வயதாகவில்லை.

ஆடவர்க்கும் ஒரு சொல்: 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தலைமைச் செயலக ஊழியர்க்கு வகுத்த ஆடைமுறையில் வேட்டியும் இடம்பெற்றது. சட்டை ஆழ்ந்த நீலமாகவோ செம்மண் நிறமாகவோ இருப்பின், கால்சட்டை அமைதியான நிறத்தில் இருக்கட்டும். கழுத்துப்பட்டியின் அழுக்கை எந்த வண்ணமும் மறைக்காது.

மீண்டும் துணிக்கடையில்

அந்தப் பெண்ணை நாம் மறந்துவிடவில்லை. தாய் சந்தன நிறச் சேலையை ஏறத்தாழ முடிவு செய்திருந்தார். அவ்வேளையில் கடையின் முதிய விற்பனையாளர், அரக்கையும் சந்தனத்தையும் இரு கைகளிலும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“விளக்கு வெளிச்சத்தில நிறம் பார்க்காதீங்கம்மா. வாசலுக்கு வாங்க.”

வாசல் வெயிலில் ஒரு தோளில் ஒன்றும் மறுதோளில் மற்றொன்றுமாகச் சேலைகளைச் சார்த்தினார். சந்தன நிறத்தின் பக்கம் அவள் முகம் வாடித் தெரிந்தது. அரக்கின் பக்கம் அதே முகம் ஒளியுடன் விளங்கியது. தாய் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பின்பு தாழ்ந்த குரலில் கூறினார்:

“என் நிச்சயதார்த்தத்துக்கு நானும் அரக்குதான் கேட்டேன். கறுத்த பிள்ளைக்கு அரக்கான்னு எங்க பெரியம்மா மாத்திட்டாங்க.”

மகள் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். இதை அவள் அதற்குமுன் கேட்டதில்லை போலும்.

நம் இல்லத்துப் பெண்மக்களுக்கு நாம் வழிவழியாகக் கொடுத்துச் செல்பவற்றுள் நகையும் உண்டு, நற்பண்பும் உண்டு. நாம் அறியாமலே கொடுத்துவிடும் தாழ்வுணர்ச்சியும் உண்டு. அதை எந்தத் தலைமுறையிலாவது ஒரு தாய் தம் கையோடு நிறுத்திவிட வேண்டும்.

“இதையே கட்டிடுங்க” என்றார் தாய், அரக்குச் சேலையை நீட்டி.

அதுவரை வாய் திறவாதிருந்த அத்தை, கரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூறினார்: “இதுக்கு மஞ்சள் ரவிக்கைதான் பொருந்தும். தையற்காரரிடம் இன்னைக்கே கொடுத்தாத்தான் திங்கட்கிழமைக்குக் கிடைக்கும்.”