இமைக்குள் உறையும் எண்ணெய்

நுவரெலியாவில் தேங்காய் எண்ணெயைப் போத்தலைச் சரித்து ஊற்றுவது பெரும்பாலும் நடக்காத காரியம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை செல்சியஸ் அளவுதான். தேங்காய் எண்ணெயோ 24 பாகைக்குக் கீழே இறங்கினால் உறையத் தொடங்கிவிடும். அடுப்படியில் சற்று நேரம் வைத்தால் இளகி ஓடும். கண் இமையில் வரும் கட்டியையும் அதற்கான வீட்டு வைத்தியத்தையும் விளங்கிக்கொள்ள இவ்வளவு தெரிந்தாலே போதும்.

இமையின் ஓரத்தில், மயிர் முளைக்கும் வரிசைக்குச் சற்று உள்ளே, கண்ணுக்கு எளிதில் தெரியாத துளைகள் நிரையாக இருக்கின்றன. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை. ஒவ்வொரு துளையும் ஓர் எண்ணெய்ச் சுரப்பியின் வாய். 1666இல் இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. நாம் இமைக்கும் ஒவ்வொரு தடவையும் இவற்றிலிருந்து துளி எண்ணெய் கசிந்து கண்ணீரின் மேல் பரவுகிறது. அந்தப் படலத்தின் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு, அல்லது அதற்கும் குறைவு. ஆனால் அது இல்லாவிட்டால் கண்ணீர் விரைவில் ஆவியாகிவிடும். கண் உறுத்தும், எரியும். அந்த எரிச்சலாலேயே சிலருக்கு நீர் வடிந்துகொண்டும் இருக்கும்.

நல்ல நிலையில் இந்த எண்ணெய் இமையின் சூட்டிலேயே இளகி இருக்கும். சுரப்பி பழுதாகும்போது எண்ணெயின் தன்மை மாறி, அது உருகுவதற்குச் சில பாகை கூடுதலான சூடு தேவைப்படுகிறது. அந்தச் சூடு இமையில் இல்லை. எண்ணெய் தடித்து வாயை அடைக்கிறது. பின்னால் சுரப்பது வெளியேற வழியின்றிச் சுற்றியுள்ள இழையத்துக்குள் கசிகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதிச் சுற்றி வளைக்க, பயறளவில் ஒரு முண்டு எழுகிறது. இதுதான் கலாசியன். பெரும்பாலும் வலி இராது. மலைக் குளிரால் வருவது என்று எண்ண வேண்டாம். கொழும்பு வெக்கையிலும் வரும்.

இன்னொரு வகைக் கட்டி, இமைமயிரின் அடியிலோ எண்ணெய்ச் சுரப்பியிலோ பற்றீரியா தொற்றுவதால் வருவது. சிவக்கும், தொட்டால் நோகும், சில நாளில் சீழ்முனை கட்டும். இரண்டும் வேறு வேறு என்றாலும் முதல் வைத்தியம் ஒன்றே: வெந்நீர் ஒத்தடம்.

ஒத்தடம் கொடுத்தும் பலன் இல்லை என்பவர்கள் பலர். காரணம், சூடு போதிய நேரம் நிற்பதில்லை. தடித்த எண்ணெய் இளக இமைமேல் 40 பாகைக்குச் சற்று மேற்பட்ட சூடு பத்து நிமிடமாவது இருக்க வேண்டும். நனைத்த துணி இரண்டொரு நிமிடத்தில் ஆறிவிடும். தேயிலைத் தோட்ட லயத்துக் காம்பராவின் குளிரில் இன்னும் சீக்கிரம். ஆகவே சுத்தமான துணி இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொதித்த தண்ணீரைப் பிளாஸ்க்கில் வைத்து, பச்சைத் தண்ணீர் கலந்து பதமாக்குங்கள். நனைத்த துணியை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்தால் இதமாகச் சுட வேண்டும். கை பின்வாங்கினால் அது இமைக்கு ஆகாது. கண்ணை மூடி ஒரு துணியை வைத்திருக்கும்போதே மற்றதை நனையவிட்டு, மாற்றி மாற்றி வையுங்கள். காலையில் வேலைப் பெரட்டுக்குப் போகுமுன், வேலை முடிந்து வந்ததும், படுக்கும்போது என்று நாளுக்கு மூன்று தடவை செய்யலாம். பிள்ளைகளுக்குச் செய்யும்போது பெரியவர்களே சூட்டைப் பார்க்க வேண்டும்.

சூடு ஆறுவதற்குள், கலாசியனாக இருந்தால் மட்டும், விரல் நுனியால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மயிர் வரிசையை நோக்கி மெதுவாக நீவுங்கள். பிறகு ஆறிய கொதிநீரில் குழந்தை ஷாம்பு சில சொட்டுக் கலந்து, பஞ்சால் இமை ஓரத்தைத் துடைத்துக் கழுவுங்கள். கொழுந்துக் கறையும் மண்ணும் உரத்தூளும் படிந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே கண்ணைத் தொட வேண்டும். விறகடுப்புப் புகையில் கண் கரிக்கும்போது கையால் கசக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

விரலை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக் கட்டியில் ஒற்றுவது நம் வீடுகளில் பழைய கைவைத்தியம். எண்ணம் சரி, அந்தச் சூடு நொடியில் போய்விடுகிறது என்பதுதான் குறை. ஊறவைத்த தேயிலைப் பொட்டலம் வைப்பவர்களுக்கும் குணம் தருவது சூடே தவிரச் சாயமல்ல. நாமக்கட்டி பூசுவது, தாய்ப்பால் விடுவது, ஊசியால் குத்திப் பிதுக்குவது ஆகிய எதுவும் வேண்டாம். பிதுக்கினால் தொற்று உள்ளே பரவும். அடுத்த காம்பராவில் இருப்பவரின் சொட்டு மருந்தை வாங்கி விடுவதும், பாமசியில் கேட்டு ஸ்டீரோய்ட் சொட்டு வாங்குவதும் ஆபத்து. ஸ்டீரோய்ட் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டவும், நாள்பட்டால் புரை வளரவும் இடம் கொடுக்கும். கட்டி இருக்கும் வரை கண்மையும் கொன்டாக்ட் லென்ஸும் ஒதுங்கியிருக்கட்டும்.

தொற்றுக் கட்டி பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். கலாசியன் கரைய வாரக்கணக்கு, சில வேளை மாதக்கணக்கு ஆகும். பொறுமையாக ஒத்தடத்தைத் தொடர வேண்டும். கரையாவிட்டால் வைத்தியர் இமையை மரக்கச் செய்து, உட்புறமாகக் கீறிச் சுரண்டி எடுப்பார். சில நிமிட வேலை. வெளியே தழும்பு தெரியாது. அடிக்கடி கட்டி வருபவர்கள், குணமான பிறகும் நாளுக்கொரு ஒத்தடத்தையும் இமை கழுவுதலையும் வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. தொற்றுக் கட்டி திரும்பத் திரும்ப வந்தால் சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்துக்கு எல்லை உண்டு. ஒரு மாதமாகியும் குறையாத கட்டியைத் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரசு வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வரும் கட்டி, அந்த இடத்தில் இமைமயிர் உதிர்தல், ஆறாத புண் ஆகியவற்றை வலியில்லை என்று விட்டுவிடக் கூடாது. அரிதாக அது எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோயாக இருக்கலாம். இமை முழுதும் வீங்கிக் காய்ச்சல் அடித்தால், கண்ணை அசைக்க வலித்தால், பார்வை மங்கினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.