எதிரிக்கு எதிரி நண்பனா?

கல்லங்குறிச்சிப் பெருமக்களே! கலியுக வரதராசப் பெருமாள் கம்பமாக நிற்கிற ஊர் இது. இங்கே பேச்சு மாற முடியாது.

எதிரணி நண்பர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: எதிரிக்கு எதிரி நண்பன் என்று. நமக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் வரப்புத் தகராறு. அவருக்கும் மேலத்தெருக்காரருக்கும் ஆகாது. அதுக்காக மேலத்தெருக்காரரைக் கூப்பிட்டு நடுவீட்டில் உட்கார வைத்தால் என்னாகும்? அவராவது வரப்பைத்தான் வெட்டினார். இவர் வீட்டையே கேட்பார்! (சிரிப்பு)

விளையாட்டில்லைங்க. இந்தக் கேள்வியில்தான் நம் நாட்டு இடதுசாரிகள் அண்ணன் தம்பிகளாக இருந்து அடித்துக்கொண்டார்கள். 1939-ல் போர் தொடங்கியபோது, எம்.என்.ராய் போன்ற சிலரைத் தவிர, எல்லாருக்கும் ஒரே குரல்: இது ஏகாதிபத்தியப் போர், வெள்ளைக்காரனுக்கு உதவாதே. 1941 ஜூன் 22-ல் ஹிட்லர் சோவியத் ரஷ்யா மீது பாய்ந்தான். அந்த டிசம்பரில் கம்யூனிஸ்டுக் கட்சி இதை 'மக்கள் யுத்தம்' என்றது. ரஷ்யா விழுந்தால் உலகத் தொழிலாளியின் கோட்டையே விழுந்துவிடும் என்றார்கள். லேசான வாதமில்லை அது. ஆனால் 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' என்று ஊரே சிறைக்குப் போனபோது, கட்சி ஒதுங்கி நின்றது. சோஷலிஸ்டு ஜெயப்பிரகாஷ் நாராயண் ஹசாரிபாக் சிறைச் சுவரேறித் தப்பித் தலைமறைவானார். நேதாஜியோ பெர்லின் போய், நீர்மூழ்கியில் கிளம்பி, 1943-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். கம்யூனிஸ்டுப் பத்திரிகை அவரை ஜப்பானின் கைப்பாவையாகக் கேலிச்சித்திரம் போட்டது.

வீடணனை வைத்து நாங்கள் எத்தனையோ வருஷமாகப் பிழைப்பு நடத்துகிறோம். அவனுக்கென்னங்க சிரமம்? எதிர்ப்பக்கம் நின்றது இராமன். 1942-ல் நம்ம ஆளுக்கு இந்தப் பக்கமும் இராவணன், அந்தப் பக்கமும் இராவணன்!

மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழனைப் பாருங்கள். நேதாஜி கூப்பிட்டார், நகையைக் கழற்றிக் கொடுத்தான், பிள்ளையைக் கொடுத்தான், தானும் துப்பாக்கி தூக்கினான். அதே ஜப்பான்காரன் அதே தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூலி தருவதாக ஆசை காட்டியும், பிடித்து இழுத்தும் சயாம் காட்டுக்குக் கொண்டுபோனான். பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வேண்டும். காலராவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். தண்டவாளம் இணைந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 21. நடுவில் நாலே நாள்!

நேதாஜியின் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. படையில் நின்றவனும் நம்ம ஆள், பாதையில் செத்தவனும் நம்ம ஆள். ஒருத்தருக்கு மாஸ்கோ தெரிந்தது, இன்னொருத்தருக்கு டோக்கியோ தெரிந்தது. தோட்டத்து லயத்து வாசல் யார் கண்ணில் பட்டது? என் வழக்கு அதுதான்.

மணி அடிக்கிறார்கள், ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. நேதாஜியைத் தவறாக எடைபோட்டோம் என்று கம்யூனிஸ்டுத் தலைவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். லட்சுமி 1971-ல் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 2002-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில், நம்ம ராமேசுவரம் அப்துல் கலாமை எதிர்த்து, இடதுசாரிகள் நிறுத்திய வேட்பாளர் அந்த அம்மாதான்.