மூன்று விரல் இடைவெளி

வாயை முடிந்தமட்டும் திறந்து, நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்துக்கு வரும் நோயாளிகள் சிலருக்கு இரண்டு விரலே நுழையாது. முற்றியவர்களுக்கு ஒன்றுகூடச் சிரமம். சோற்று உருண்டை சிறுத்துக்கொண்டே போகும். கொட்டாவி பாதியில் நிற்கும். கறியில் உறைப்பு சற்றுக் கூடினாலும் வாயெல்லாம் எரியும். சாராயத்தைத் தொட்டே அறியாதவர்களும் இவர்களில் உண்டு. அவர்கள் போட்டது வெத்திலை மட்டும்தான்.

மலைநாட்டில் போதை என்று பேச்செடுத்தால் சம்பள நாள் சாராயம் வரும், கசிப்பு வரும், இப்போது ஹெரோயினும் ஐஸும் வரும். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் அந்தப் பேச்சில் வருகிறவர் அநேகமாக ஆண். கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் பெண்ணின் இடுப்பில் செருகியிருக்கும் வெத்திலைப் பையை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. தள்ளாட வைக்காத, சண்டை மூட்டாத, வேலையைக் கெடுக்காத ஒன்றை நாம் போதை என்று நினைப்பதில்லை. மூளைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

கண்டிக்கும் பாக்குக்கும் உறவு பழையது. 1660இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், தப்பிப்போய் 1681இல் வெளியிட்ட நூலில் பாக்கு மரத்தையும் பாக்கு வணிகத்தையும் விவரித்திருக்கிறார். மலைநாட்டுப் பாக்கு அன்று கடல் கடந்து தென்னிந்தியாவுக்குப் போனது. துறைமுகங்களைக் கையில் வைத்திருந்த ஒல்லாந்தர் அந்த வணிகத்தைத் தமக்கே ஆக்கிக்கொள்ளப் பாடுபட்டார்கள். தேயிலை வந்தது மிகப் பிந்தி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்டது 1867இல். இன்றும் கண்டிச் சீமையின் வீட்டுத் தோட்டங்களில் பலாவுக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே பாக்கு மரம் நிற்கிறது. நிச்சயதார்த்தத் தட்டிலும் வெத்திலை பாக்கு, சிங்களப் புத்தாண்டில் பெரியவரை வணங்கும் கையிலும் வெத்திலை. இத்தனை மரியாதையான பொருளைச் சந்தேகிக்க மனம் வராதுதான்.

சந்தேகப்பட வேண்டியது முதலில் வெத்திலையை அல்ல, பாக்கை. அதிலுள்ள அரெக்கோலின் என்ற வேதிப்பொருள்தான் வேலையைத் தொடங்குகிறது. சுண்ணாம்பு ஏன் சேர்க்கிறோம்? காரத்துக்காக, சிவப்புக்காக என்பார்கள். சிவப்பு உண்மைதான், பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பில் பட்டுச் சிவக்கின்றன. ஆனால் சுண்ணாம்பு இன்னொரு காரியமும் செய்கிறது. எச்சிலைக் காரத்தன்மை உள்ளதாக்கி, அரெக்கோலினைக் கன்னத்தின் மெல்லிய தோல் வழியே எளிதாக உள்ளே போகும் வடிவத்துக்கு மாற்றுகிறது. புகையிலை சேர்ந்தால் நிக்கொட்டினுக்கும் அதே உதவி. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில் கொக்கா இலையை மெல்லுகிறவர்களும் சுண்ணாம்போ சாம்பலோ சேர்த்தே மெல்லுகிறார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு கண்டத்து மக்கள், வேதியியல் பாடம் படிக்காமலே ஒரே சூத்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு இது தீராத வியப்பு.

உள்ளே போன அரெக்கோலின், நரம்புகள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் போல நடிக்கிறது. எச்சில் ஊறும், உடம்பு கதகதப்பாகும், லேசாக வியர்க்கும், பசி மந்திக்கும். விடியற்காலைப் பனியில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, போய், மழையில் நனைந்து மலையேறும் ஒருவருக்கு இவற்றில் கதகதப்பும் பசி மந்திப்பதும் தேவைப்படுகின்றன.

இது வெறும் வாய்ப் பழக்கம் அல்ல என்பது 2015இல் இன்னும் தெளிவானது. அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ரோஜர் பாப்கேயும் சகாக்களும், மூளையில் நிக்கொட்டின் அமரும் ஏற்பிகளில் சிலவற்றில் அரெக்கோலினும் அமர்வதைக் காட்டினார்கள். நிக்கொட்டின் குழாயை முழுதாகத் திறந்தால் அரெக்கோலின் ஓரளவே திறக்கிறது. சிகரெட் புகைப்பவரைப் பிடித்து வைத்திருப்பவையும் அந்த ஏற்பிகளே. திரும்பத் திரும்பத் தூண்டப்படும் மூளை அந்தத் தூண்டலையே வழமையாக எடுத்துக்கொள்கிறது. அது கிடைக்காதபோது எரிச்சல், தலையிடி, சோர்வு, எதிலும் மனம் நிலைக்காமை. ஒருநேரம் வெத்திலை இல்லாமல் போனால் வீட்டில் எல்லோர் மீதும் பாயும் பாட்டிக்குக் குணக்கேடு என்று நாம் சொல்லிச் சிரித்துவிடுகிறோம். அது விடுபடும் அவதி.

வாய் இறுகுவது வேறொரு கதை. அரெக்கோலின் கன்னத்து உள்தோலுக்கு அடியில் கொலாஜன் நார்களை அதிகம் உண்டாக்கத் தூண்டுகிறது. பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் அந்த நார்கள் கரையாமல் காக்கின்றன. பாக்கில் செம்பும் அதிகம்; அது நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியை ஊக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் கன்னம் வெளுத்து, தொட்டால் கயிறு கயிறாய்த் தட்டுப்படும். இப்படி இறுகியது, வெத்திலையை விட்டாலும் பழையபடி இளகுவதில்லை. கேரளத்தின் எர்ணாகுளத்தில் இந்நோயுள்ள 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 5 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது என்று 1985இல் எழுதினார்கள். புகையிலை இல்லாவிட்டால் பயமில்லை என்ற நம்பிக்கைக்கும் 2004இல் முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெத்திலையோடு சாராயமும் சேர்கிற வாய்க்கு ஆபத்து மேலும் கூடும்.

விடமுடியுமா? முடியும். குவாம், சைப்பான் தீவுகளில் நடந்த ஒரு பரிசோதனையில், சிகரெட்டை விட உதவும் பயிற்சியை அப்படியே வெத்திலைக்கு மாற்றிச் சில வாரங்கள் நடத்தினார்கள். பயிற்சி பெற்றவர்களில் விட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே அதிகம். எப்போது கை பைக்குப் போகிறது என்று கவனிப்பது, விடும் நாளைக் குறிப்பது, முதல் வாரத்து அவதியை எதிர்பார்த்திருப்பது, மறுபடி போட்டுவிட்டால் மறுபடி தொடங்குவது. மந்திரம் ஒன்றுமில்லை. வாயில் ஆரம்ப நிலையில் உள்ள சில வெண்திட்டுகள், பழக்கத்தை விட்டதும் மறைவதும் உண்டு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. மலையில் வெத்திலையை எவரும் தனியாகப் போடுவதில்லை. ஒருத்தி பையை அவிழ்த்தால் நாலு கை நீளும். வேண்டாம் என்றால் உறவை வேண்டாம் என்பது மாதிரி. பசியை மறைக்கத்தான் அது என்பதால், பத்து மணிக்குச் சாப்பிட எதுவும் இல்லாதவளிடம் விடு என்று சொல்வதில் பொருளுமில்லை. ஆளாளுக்குப் புத்தி சொல்வதைவிட ஒரு கூட்டத்துப் பெண்கள் சேர்ந்து விடுவதும், தேத்தண்ணியோடு ரொட்டி கிடைப்பதும் அதிகம் பலிக்கும் என்பது என் கணிப்பு. புகையிலை கலந்த மெல்லும் பொருள்களை இலங்கை 2016 செப்டம்பரில் தடைசெய்தது. கடைகளில் வெத்திலைக் கூறு விற்பனை அதனால் நின்றுவிடவில்லை.

நோயைக் கண்டுபிடிப்பது கடினம் அல்ல என்பதைப் பேராதனைக்காரர்கள் முன்பே காட்டிவிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு வாயைச் சோதிக்கப் பயிற்சி கொடுத்து மக்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் சந்தேகமான புண்களையும் திட்டுகளையும் நன்றாகவே இனங்கண்டார்கள். 2007இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தொழிலாளர்களின் வாய்களையே நேராகப் பரிசோதித்தது. ஆனால் அந்த முதல் முயற்சியில், மேற்பரிசோதனைக்கு வரச் சொல்லப்பட்டவர்களில் கணிசமானோர் வரவில்லை. வலிக்காத வெள்ளைத் திட்டுக்காக யார் பஸ் ஏறிப் பேராதனைக்குப் போவார்? போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். டோர்ச் லைட்டும் ஒரு கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பல் வைத்தியர் வருவதுதான் சுலபம்.