நாக்கு மட்டுமா சுவைக்கிறது?

மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சிறிது சீரகத்தை மெல்லுங்கள். இலேசான கசப்புக்கு மேல் ஒன்றும் தெரியாது. இப்போது மூக்கை விடுங்கள். சீரகம் சீரகமாகிவிடும்! அதன் மணம் தொண்டையின் பின்வழியாக ஏறி மூக்கின் மேற்பகுதியிலுள்ள நரம்புகளை அடைவதே காரணம். நாக்கு தானாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகியவற்றைத்தான். காரம்கூடச் சுவையன்று, எரிச்சல்!

பிரான்சில் தூர் நகரைச் சேர்ந்த வேதியியலார் ழாக் புயிசே இதைப் பள்ளிப் பாடமாகவே ஆக்கினார். 1970களில் அவர் தொடங்கிய வகுப்புகளில் சிறுவர்கள் உணவைப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், தொட்டார்கள், கடிக்கும் ஓசையைக் கேட்டார்கள். உணர்ந்ததைச் சொந்தச் சொற்களில் சொன்னார்கள். வைட்டமின் உபதேசம் இல்லை.

ஓசை என்றதும் பௌதிக ஆசிரியனுக்கு ஆவல் பிறக்காதா? பச்சைக் காரட்டின் செல்களில் நீர் அழுத்தத்துடன் நிறைந்திருக்கிறது. கடித்தால் செல்சுவர்கள் சட்டென உடைந்து 'நறுக்' என்கின்றன. வாடினால் அழுத்தம் குறையும்; ஓசையும் அடங்கும். குழைய வேகவைத்தாலோ, செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் கரைந்துவிடுகிறது. காரட் பிடிக்காது என்னும் குழந்தை உண்மையில் வெறுப்பது அந்தக் குழைவையாக இருக்கலாம். பச்சையாக ஒரு துண்டு கொடுத்துப் பாருங்களேன்.

பின்லாந்தின் மழலையர் பள்ளிகளிலும் இம்முறை வேரூன்றியுள்ளது. புதிய காயை ஒரு குழந்தை ஏற்க எட்டு, பத்துத் தடவை சுவைக்க வேண்டியிருக்கலாம். வற்புறுத்தினால் வெறுப்பே வளரும். சிறு துண்டு போதும். துப்பினாலும் திட்டாதீர்கள், "எப்படி இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.