வெயில்தான் சோறு, பூச்சி வெறும் உரம்

பூச்சி தின்னும் செடியை வாங்கி வருபவர்கள் முதலில் தேடுவது ஈயை. செடி முதலில் தேடுவது வெளிச்சத்தை. இந்த வித்தியாசம் புரியாததால் பால்கனிகளில் செத்துப்போகும் செடிகள் ஏராளம்.

பூச்சியிலிருந்து செடிக்குக் கிடைப்பது நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான். அதாவது, சத்தில்லாத மண் தர மறுத்த உரம். உணவைச் செடி மற்ற செடிகளைப் போலவே வெயிலைக் கொண்டுதான் தயாரிக்க வேண்டும். பொறியாக மாறிய இலை உணவு தயாரிப்பதில் சுமார்தான். எனவே வெளிச்சம் குறைந்தால் செடி சிக்கனத்தில் இறங்குகிறது. குடுவைச் செடி வெறும் இலைகளாக விட்டுக்கொண்டு போகும், குடுவை வராது. ட்ரோசெராவின் பசைத் துளிகள் வற்றும். வீனஸ் ஃப்ளைட்ராப்பின் பொறிக்குள் சிவப்பு மறைந்து, இலைக் காம்புகள் நீண்டு துவளும்.

இவற்றின் பிறந்த வீட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஃப்ளைட்ராப் இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் வடக்கு, தெற்கு கரோலினா மாநிலங்களில் மட்டும். அங்கே பைன் மரங்களுக்கிடையிலான ஈரத் திறந்தவெளிகளில் அவ்வப்போது பரவும் தீ புதர்களை அழித்து வெயிலுக்கு வழிவிடுகிறது. தீ நின்று புதர் மண்டினால் நிழலிலேயே அது அழிகிறது. நம் நாட்டு ட்ரோசெராக்களும் ஈரமான திறந்த நிலத்துச் செடிகளே. நீலகிரியின் புல்வெளிகளிலும் ஓர் இனம் உண்டு.

அப்படியானால் தொட்டியை மொட்டை மாடியின் நடுவில் வைத்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். ஃப்ளைட்ராப்பும் ட்ரோசெராவும் வெயிலைத் தாங்கும். ஆனால் கொதிக்கும் தொட்டியையும் வறண்ட காற்றையும் தாங்கா. ஏப்ரல், மே மாதங்களில் சிமென்ட் தரையில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் வேர் வெந்துவிடும். வெளிர் நிறத் தொட்டி, மழைநீர் நிறைந்த தட்டு, தரைக்கும் தட்டுக்கும் இடையே ஒரு மரப்பலகை - இவை பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். குழாய்த் தண்ணீரின் உப்பு வேருக்கு ஆகாது.

மீதிப் பாதிக்கு ஊரைப் பொறுத்து விடை மாறும். பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதி இந்த இரண்டையும் திறந்த வெயிலிலேயே விடலாம். சென்னைக் கோடையில் காலை வெயில் போதும். நண்பகலில் ஷேட் நெட் எனப்படும் பச்சை நிழல் வலை தேவை. டெல்லியில் வெயிலைவிட 'லூ' எனும் அனல்காற்றே எமன். அங்கே வலையோடு, காற்றைத் தடுக்கும் ஒரு சுவரும் வேண்டும். குடுவைச் செடிகளுக்கு எங்குமே காலை வெயிலும், பிறகு வலையில் வடிகட்டிய வெளிச்சமும்தான் ஒத்துவரும். நர்சரியின் நிழலில் வளர்ந்து வந்த செடியை ஒரே நாளில் வெயிலில் தள்ளினால் இலை கருகும். இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். எத்தனை கவனித்தாலும் ஃப்ளைட்ராப்புக்குக் குளிர்கால ஓய்வு தேவை. கடலோர நகரங்களில் அது கிடைப்பதில்லை.

இது வெறும் பொழுதுபோக்குத் தோட்டக்காரர்களின் கவலை அல்ல. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே குடுவைச் செடி மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா. கரோ மக்கள் அதை 'மேமாங் கோக்சி', அதாவது பேயின் கூடை என்கிறார்கள். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள ஜவகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தினர் 2013இல் ஒரு விஷயத்தைக் கண்டறிந்தனர்: புற ஊதாக் கதிர் பட்டால் அதன் குடுவை விளிம்பு நீலமாக ஒளிர்கிறது; அந்த ஒளியை மறைத்தால் சிக்கும் பூச்சிகள் வெகுவாகக் குறைகின்றன. இரையைப் பிடிப்பதற்கும் அதற்கு வெளிச்சம் கைகொடுக்கிறது.

அழியும் அபாயத்தில் உள்ள இச்செடியைக் காட்டிலிருந்து பறிப்பதற்குச் சட்டம் தடை விதிக்கிறது. வளர்க்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். நர்சரியில் முறையாகப் பெருக்கிய கலப்பினச் செடியை வாங்கி, வாங்கியதைச் சாகவிடாமல் காப்பதே வளர்ப்பவர்கள் காட்டுக்குச் செய்யக்கூடிய உதவி. ஒரு தொட்டி காலியானால் இன்னொரு செடிக்குத் தேவை பிறக்கிறது.

சுரங்கத்துக்கும் சாகுபடிக்கும் மேகாலயாவின் சரிவுகள் மொட்டையாகிக்கொண்டிருக்கின்றன. மாடித் தொட்டிக்கு வலை கட்டலாம். மலைக்கு யார் கட்டுவது?